இருதயத் துடிப்பைச் சீராக்கும் மருந்துகள்

மனித இருதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்னும் சிறு திசுத்தொகுதி அமைந்துள்ளது. ஓய்விலிருக்கும் வயது வந்தவருக்கு நிமிஷத்திற்கு 60 முதல் 100 முறை இங்கிருந்து மின்தூண்டல் எழுகிறது. அது மேலறைகளில் பரவி, இடையிலுள்ள மற்றொரு கணுவில் சற்றே தாமதித்து, பின்னர்க் கீழறைகளை அடைந்து அவற்றைச் சுருங்கச் செய்கிறது. தூண்டல் வேறோர் இடத்தில் பிறந்தாலும், வழியில் தடைப்பட்டாலும், ஒரே பாதையில் சுற்றிச் சுற்றி வந்தாலும் துடிப்பின் ஒழுங்கு கெடுகிறது.

இக்கேடுகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. எப்போதாவது ஒரு துடிப்பு முந்தி எழுவது பெரும்பாலும் தீங்கற்றது. மேலறை நடுக்கத்தில் நாடி முற்றும் ஒழுங்கிழக்கும். அறையில் இரத்தம் உறைந்து, அக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை விளைவிக்கக்கூடும். கீழறை நடுக்கமோ உடனே சிகிச்சை பெறாவிடில் சில நிமிஷங்களில் உயிரைப் போக்கும்.

நான்கு வகைகள்

தசையணுக்களின் சவ்வினூடே சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றின் அயனிகள் உள்ளும் புறமும் செல்வதால் இம்மின்தூண்டல் உண்டாகிறது. ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர் வாகன் வில்லியம்ஸ் 1970ஆம் ஆண்டையொட்டி வகுத்த முறைப்படி மருந்துகள் நான்கு வகைப்படும். குவினிடின், பிளெகைனைட் போன்றவை சோடியம் உட்புகுவதைத் தடுக்கின்றன. மெட்டோப்ரொலால் போன்றவை அட்ரினலின் இருதயத்தை விரைவுபடுத்துவதைக் குறைக்கின்றன. அமியோடரோன் போன்றவை பொட்டாசியம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகின்றன. வெரபமில் போன்றவை கால்சியத்தின் வழியை அடைக்கின்றன. டிஜாக்சின் இவ்வகைகளில் அடங்காது. அது இடைக்கணுவின் வேகத்தைத் தணிக்கிறது.

சின்கோனாப் பட்டையின் கதை

இம்மருந்துகளுள் பழமையான ஒன்று மலேரியா சிகிச்சையிலிருந்து வந்தது. ஒழுங்கற்ற நாடியுடைய டச்சு வணிகர் ஒருவர், கொயினா உட்கொண்டால் தமது நாடி சீராவதை மருத்துவர் வென்கெபாக்கிடம் மெய்ப்பித்துக் காட்டினார். வென்கெபாக் இதனை 1914இல் வெளியிட்டார். சின்கோனாப் பட்டையிலேயே கிடைக்கும் குவினிடின் இதனினும் வலியது என்று 1918இல் வால்டர் பிரை கண்டறிந்தார். ஆயினும் அம்மருந்தை உட்கொண்டோரிற் சிலர் திடீரென மூர்ச்சையுற்றனர். அம்மூர்ச்சைக்குக் கீழறை நடுக்கமே காரணம் என்பது 1964இல் வெளியான ஆய்வினால் தெளிவாயிற்று. ஒழுங்கைச் சீராக்கும் மருந்தே வேறோர் ஒழுங்கின்மையை உண்டாக்க வல்லது என்பது இதனால் புலனாயிற்று.

அமெரிக்கச் சோதனை

மாரடைப்புக்குப் பின்னர் கீழறையில் முந்து துடிப்புகள் மிகுந்தோர் திடீர் மரணத்திற்கு அதிகம் ஆளாயினர். ஆகவே அத்துடிப்புகளை அடக்கினால் மரணமும் குறையும் என்று மருத்துவர்கள் கருதினர். என்கைனைட், பிளெகைனைட் என்னும் மருந்துகள் அவற்றை நன்கு அடக்கின. இக்கருத்தைச் சோதிக்க அமெரிக்காவில் ஒரு பேராய்வு நடைபெற்றது. மருந்தினால் துடிப்பு அடங்கியோரே தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவருள் 755 பேருக்கு மருந்தும், 743 பேருக்கு மருந்தற்ற வெற்று மாத்திரையும் தரப்பட்டன. சராசரி பத்து மாதங்களில் மருந்துண்டோரில் 63 பேரும், வெற்று மாத்திரை உண்டோரில் 26 பேரும் இறந்தனர். 1989இல் இவ்விரு மருந்துகளின் சோதனை நிறுத்தப்பட்டது. முழு முடிவு 1991இல் வெளியாயிற்று.

துடிப்பை அடக்குவது வேறு, உயிரைக் காப்பது வேறு என்பதே இதனால் பெறப்படும் பாடம். பிளெகைனைட் இன்றும் பயன்படுகிறது. ஆனால் மாரடைப்பால் தழும்பேறிய இருதயத்திற்கு அது விலக்கப்பட்டுள்ளது. ஒருவருக்கு நன்மை செய்யும் மாத்திரை மற்றொருவருக்குத் தீங்காவது இக்காரணத்தாலேயே ஆகும்.

ஊழியர்கள் கவனிக்க வேண்டியன

நாடியை ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணுதல் வேண்டும். கால் நிமிஷம் எண்ணி நான்கால் பெருக்கினால் ஒழுங்கற்ற நாடியில் பிழை நேரும். படபடப்புடன் மூர்ச்சை, மார்வலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றிருப்பின் நோயாளியைத் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். டிஜாக்சின் உண்பவருக்குப் பசியின்மை, வாந்தி, பொருள்கள் மஞ்சளாகத் தோன்றுதல் ஆகியவை மருந்து மிகுந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். அமியோடரோனில் அயோடின் மிகுதியாக உள்ளமையால் தைராய்டுச் சோதனை அவ்வப்போது தேவை. மெட்டோப்ரொலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்தலாகாது. ஒருவருடைய மாத்திரையை மற்றொருவருக்குக் கொடுத்தல் எக்காரணத்தாலும் கூடாது.

ஆசிரியர்களுக்கு

மாணவர்கள் தத்தம் நாடியைத் தொட்டு, மெதுவாக மூச்சை இழுத்து விட்டுக் கவனிக்கலாம். மூச்சு உட்செல்லும்போது துடிப்பு சற்று விரைவதும் வெளிவரும்போது தணிவதும் இயல்பே, அது நோயன்று. உயர் வகுப்புகளில் மேற்கூறிய சோதனையின் எண்களைக் கரும்பலகையில் எழுதி, வெற்று மாத்திரை பெற்ற 743 பேர் எதற்காகச் சேர்க்கப்பட்டனர் என்று வினவுக. அவர்கள் இல்லாதிருப்பின், மறுபுறத்து 63 மரணங்களும் நோயினால் நேர்ந்தவை என்றே கொள்ளப்பட்டிருக்கும். மருந்தின்மீது எவரும் ஐயுற்றிருக்க மாட்டார்.