நர்ஸா, உதவியாளரா? எந்த வேலையை யாரிடம் விடலாம்?

போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்து வீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தாத்தாவுக்குப் பக்கவாதம். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வைத்தியம் முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. பார்த்துக்கொள்ள ஒரு அக்காவை அமர்த்துகிறார்கள். நாலாம் நாளே பாட்டி கேட்கிறார்: "ஏம்மா, நீதான் நர்ஸாச்சே! கீழே போடிக்குப் போய் யாரைக் கூட்டி வர்றது? இந்த ஊசியையும் நீயே போட்டுடேன்!"

தப்பு இங்கேதான் ஆரம்பமாகிறது. வெள்ளை கோட்டுப் போட்டவரெல்லாம் நர்ஸ் ஆகிவிட மாட்டார். முறையாக நர்ஸிங் படித்து, கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் நர்ஸ். தமிழ்நாட்டில் இந்தப் பதிவுக்கான சட்டம் 1926-லேயே வந்துவிட்டது. வேலைக்கு அமர்த்தும்போதே பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். இல்லையென்றால் அவர் உதவியாளர். அதில் குறைவு ஒன்றும் இல்லை, வேலைதான் வேறு.

உதவியாளர் செய்யலாம்

* உடம்பு துடைப்பது, வாய் சுத்தம் செய்வது, துணி மாற்றுவது.
* 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது. படுக்கைப் புண் வராமல் காப்பது இதுதான்.
* நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவது. சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது.
* சிறுநீர்ப் பையைக் காலி செய்து, அளவை எழுதி வைப்பது. பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே தொங்க வேண்டும்.
* காய்ச்சல், பி.பி. பார்த்து நோட்டில் குறிப்பது.
* வீட்டார் பிரித்து வைத்த மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பது.

செய்யக் கூடாது

ஊசி, டிரிப்ஸ் போடுவது, சிறுநீர்க் குழாயோ மூக்குக் குழாயோ செருகுவது, ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பது. மூக்குக் குழாய் தவறி மூச்சுக் குழாய்க்குள் போனால், ஊற்றும் கஞ்சி நுரையீரலில் இறங்கும். இன்சுலின் கூடினால் சுகர் தாழ்ந்து நினைவு தப்பும். ராத்திரி நேரத்தில் 17 கொண்டை ஊசி வளைவு தாண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் என்ன ஆகுமோ!

அப்படியானால் மலைமேல் இருப்பவர்கள் என்ன செய்வது? டிஸ்சார்ஜ் ஆகும்போதே ஊசி விவரத்தை நர்ஸிடம் வீட்டார் ஒருவர் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சியும் வலி நிவாரண நர்ஸின் கவனிப்பும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

உதவியாளரின் பெரிய பலம் ஊசி அல்ல, கண். இடுப்பில் அழுத்தினாலும் மறையாத சிவப்பு, தண்ணீர் குடிக்கும்போது இருமல், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சிறுநீர் குறைவது: இதில் எது தெரிந்தாலும் உடனே சொல்லச் சொல்லுங்கள். மூச்சுத் திணறல், நினைவு தடுமாற்றம் என்றால் 108-ஐ அழையுங்கள்.

அந்த அக்கா, "இது என் வேலை இல்லீங்க" என்று மறுத்தால் கோபிக்காதீர்கள். தாத்தாவின் உயிரைக் காக்கிற வார்த்தை அது!