ஐரோப்பாவுக்குச் செல்லும் மண் பொம்மைகள்

கடலூர் வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மைகளும், விருத்தாசலத்தில் பீங்கான் சாமான்களும் நெடுங்காலமாகச் செய்யப்பட்டு வருதலை நேயர்கள் அறிவர். இவற்றை வீட்டு அலங்காரப் பொருள்களாக ஐரோப்பிய நாடுகளுக்கு அனுப்ப விழைவோர் நம்மிடம் முதலாவதாகக் கேட்பது, ஸி.இ. முத்திரைக்கு எவ்வளவு செலவாகும் என்பதே. இதற்குரிய விடை சற்று வியப்பளிக்கும். வெறும் அலங்கார பொம்மைக்கும் பூச்சாடிக்கும் அம்முத்திரை தேவையில்லை. தேவையற்ற பொருளில் அதனைப் பொறிப்பது அங்கே சட்ட விரோதமுமாகும். விளையாட்டுப் பொருளுக்கும் மின்விளக்குக்குமே அது கட்டாயம். ஆகவே, எல்லாவற்றுக்கும் ஒரே சான்றிதழ் பெற்றுத் தருவதாகக் கூறிப் பணம் கேட்கும் தரகரை நம்ப வேண்டா.

எனினும், பொம்மை விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். 14 வயதுக்குட்பட்டோர் விளையாடுதற்குரிய பொருள் எனக் கருதப்படின், 'விளையாட்டுப் பொருளன்று' என்று சீட்டு ஒட்டுவதால் மட்டும் தப்ப இயலாது.

உண்மையான இடர் வர்ணத்தில்தான் உள்ளது. சிதம்பரம் கீழ சன்னதியில் பொம்மை வாங்குவோர் அதில் ஈயம் உண்டா எனக் கேட்பதில்லை. ஐரோப்பிய வியாபாரி கேட்பார். நமது நாட்டில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது. தொழிற்சாலைப் பூச்சுகளுக்கு இவ்வரம்பு இல்லை. எனவே, மலிவாகக் கிடைக்கிறதென்று டின்னைப் பாராமல் வாங்குதல் தகாது. வாங்கிய ரசீதையும் டின்னின் தொகுதி எண்ணையும் ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும்.

பீங்கான் தட்டு சுவரில் மாட்டுதற்கே செய்யப்படினும், உணவு வைக்கத்தக்கதாயின் சோதனைக்கு உள்ளாகும். நூற்றுக்கு 4 பங்கு அசெட்டிக் அமிலக் கரைசலை 24 மணி நேரம் அதில் நிறுத்தி, கரைந்து வரும் ஈயத்தையும் காட்மியத்தையும் அளப்பர். ஆழமான கிண்ணமாயின், ஈயம் லிட்டருக்கு 4 மில்லிகிராமைத் தாண்டலாகாது. மெருகு சரியாக வேகாவிடில் ஈயம் எளிதில் கரையும். ஆதலின் சூளையின் வெப்பத்தில் சிக்கனம் பார்ப்பது வீண்.

2024 டிசம்பர் 13 முதல் அங்கே நடைமுறையிலுள்ள பொதுப் பொருட்காப்பு விதியின்படி, பொருளின்மீது செய்தவர் பெயர், முகவரி, தொகுதி எண் ஆகியவை இருத்தல் வேண்டும். ஐரோப்பாவிலேயே ஒரு பொறுப்பாளரும் இருத்தல் அவசியம்; பெரும்பாலும் இறக்குமதி செய்பவரே அவர். பொருளின் அபாயங்களை ஆராய்ந்து எழுதிய ஆவணத்தைப் பத்தாண்டுகள் பாதுகாக்க வேண்டும். சிறு குழுக்களுக்கு இதுவே பெரும் சுமை. பஞ்சாயத்து அலுவலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கிக் கொடுத்தால் பேருதவியாகும்.

இறுதியாக, பெட்டி. மரப்பெட்டியாயின் அதன் உட்பகுதி 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டு, அதற்குரிய முத்திரை இடப்பட்டிருக்க வேண்டும். பண்ருட்டிப் பலாப் பலகையாயினும் இதற்கு விலக்கில்லை. அட்டைப் பெட்டிக்கு இத்தொல்லை இல்லை.