ஒன்றும் நடக்காத இரவைப் படமெடு

அன்புள்ள தங்கைக்கு,

உன் ஆவணப்படத் திட்டத்தை முழுக்க வாசித்தேன். டென்வர் நகரில் போலீஸுக்குப் பதிலாக ஒரு மனநல ஆலோசகரும் மருத்துவ உதவியாளரும் வேனில் போய் இறங்கும் 'ஸ்டார்' ஏற்பாட்டைப் பற்றி எடுக்கப்போகிறாய். நல்ல விஷயத்தைப் பிடித்திருக்கிறாய். ஆனால் முதல் காட்சியை மாற்று. சுழலும் சிவப்பு, நீல விளக்கு, ஓடும் கறுப்பின இளைஞன், பின்னால் சைரன். இதை அமெரிக்கத் தொலைக்காட்சி எடுத்து எடுத்து ஓய்ந்துவிட்டது. போலீஸ் காரிலேயே கேமராவும் ஏறிப்போகும் 'காப்ஸ்' நிகழ்ச்சி 1989இல் தொடங்கியது. 2020இல் மினியாபொலிஸ் போலீஸ் பிடியில் ஜார்ஜ் ஃப்ளாய்டு கொல்லப்பட்ட பிறகு நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டே வேறு இடத்தில் திரும்பி வந்துவிட்டது. கறுப்பு முகம் தெரிந்தால் ஆபத்து, ஆபத்து என்றால் போலீஸ் என்று இப்படிப்பட்ட காட்சிகள் பார்வையாளரைப் பழக்கிவைத்திருக்கின்றன. நாமும் விலக்கில்லை. 'சிங்கம் 2' படத்தின் ஆப்பிரிக்கப் போதைமருந்துக் கடத்தல்காரனைப் போலீஸ் நாயகன் துரைசிங்கம் துரத்தும்போது கைதட்டிய அரங்குகளில்தான் நீயும் வளர்ந்தாய். அந்தப் பழக்கத்தை உடைக்க வந்த படம் அதே காட்சியோடு தொடங்கினால், பிறகு எவ்வளவு வாதாடினாலும் எடுபடாது.

புகைப்படக் கலைஞர் கார்டன் பார்க்ஸைப் பற்றி உனக்குச் சொல்லியாக வேண்டும். 1948இல் அவர் ஹார்லெமில் ரெட் ஜாக்சன் என்ற 17 வயதுக் கும்பல் தலைவனோடு வாரக்கணக்கில் சுற்றினார். பார்க்ஸ் கறுப்பினத்தவர், அந்தப் பையன் அவரை நம்பி வீட்டுக்குள் விட்டான். அவர் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் அவன் குடும்பத்தோடு சாதாரணமாக இருக்கும் படங்களும் உண்டு. 'லைஃப்' இதழ் 21 படங்களைப் பொறுக்கியது. இருட்டும் சண்டையும் சவப்பெட்டியும் அவற்றில் மேலோங்கி நின்றன. கட்டுரை பெரிய பேர் வாங்கியது, பார்க்ஸுக்கு அந்த இதழில் நிரந்தர வேலையும் கிடைத்தது. அங்கே அப்படி அமர்ந்த முதல் கறுப்பினப் புகைப்படக் கலைஞர் அவர்தான். 2013இல் நியூ ஆர்லியன்ஸ் கலை அருங்காட்சியகம் விடுபட்ட படங்களையும் கான்டாக்ட் ஷீட்டுகளையும் சேர்த்துக் காட்சிக்கு வைத்தது. ஆசிரியர் குழு எதை எடுத்தது, எதைத் தள்ளியது என்பதை எவரும் கண்ணால் பார்க்க முடிந்தது. எடுத்தவர் யார் என்பதைவிடப் பொறுக்கியவர் யார் என்பதே அந்தப் பையனின் முகத்தைத் தீர்மானித்தது. படத்தொகுப்பு அறையிலேயே வாழ்ந்தவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: இறுதித் தொகுப்பு உரிமை உன் கையில் இருக்கும்படி ஒப்பந்தம் போடு. பணம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது, போலீஸ் தரும் காகிதம். 2020 மே 25இல் ஜார்ஜ் ஃப்ளாய்டு இறந்த சம்பவத்துக்கு மினியாபொலிஸ் போலீஸ் முதலில் விட்ட அறிக்கை, கைது முயற்சியின்போது ஒருவர் உடல்நலக் கோளாறால் இறந்தார் என்ற தொனியில் இருந்தது. கழுத்தில் அழுத்திய முழங்காலைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. தெருவில் நின்ற 17 வயதுப் பெண்ணின் கைப்பேசிப் பதிவு வெளிவராமல் இருந்திருந்தால் செய்தித்தாள்களில் அந்த அறிக்கையே செய்தியாக நின்றிருக்கும். முழங்கால் அழுத்தியது 9 நிமிடம் 29 விநாடி என்று வழக்கு விசாரணையில் உறுதியானது. அந்தப் பெண்ணுக்கு 2021இல் புலிட்சர் குழு சிறப்புப் பாராட்டு வழங்கியது. ஃப்ளாய்டு இறப்பதற்கு 128 ஆண்டுகளுக்கு முன்பே, 1892இல், மெம்ஃபிஸில் மளிகைக்கடை நடத்திய மூன்று கறுப்பினத்தவரைக் கும்பல் கொன்றபோது, பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் ஊர்ப் பத்திரிகைகளின் கதையை நம்பாமல் தானே போய் விசாரித்து எழுதினார். அவருடைய பத்திரிகை அலுவலகத்தை நொறுக்கினார்கள். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

இனி உன் படத்தின் மையத்துக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் ரோசெஸ்டர் நகரில் டேனியல் ப்ரூட் மனநிலை குலைந்து வீட்டைவிட்டு ஓடினார். அவருடைய அண்ணன் 911 என்ற அவசர எண்ணை அழைத்தார். வந்தது போலீஸ். பனி விழும் தெருவில் நிர்வாணமாக இருந்த மனிதரின் தலையில் உறையை மாட்டித் தரையில் அழுத்தினார்கள். ஒரு வாரத்தில் இறந்தார். உலகத்துக்குத் தெரிந்தது செப்டம்பரில். உதவிக்குத்தான் அந்த அண்ணன் கூப்பிட்டார். வேறு யாரை அனுப்பியிருக்கலாம் என்ற கேள்விக்கு ஒரேகானின் யூஜீன் நகரம் 1989இலேயே பதில் வைத்திருந்தது: ஆயுதமில்லாத இருவர், ஒரு வேன், 'கஹூட்ஸ்' என்று பெயர். டென்வரின் 'ஸ்டார்' 2020 ஜூனில் தொடங்கி, முதல் ஆறு மாதங்களில் 748 அழைப்புகளுக்குப் போனது. ஒருவரைக்கூடக் கைது செய்ய நேரவில்லை. அது இயங்கிய பகுதிகளில் சிறு குற்றப் பதிவுகள் 34 சதவீதம் குறைந்ததாக 2022இல் வந்த ஆய்வு சொல்கிறது. வன்முறைக் குற்றம் கூடவும் இல்லை.

உன் சிரமமும் இங்கேதான். துப்பாக்கிச் சூடு ஒரு நொடியில் காட்சியாகிவிடும். ஒருவருக்குத் தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, பேசி, அக்காள் வீட்டில் கொண்டுபோய் விடுவது காட்சியாக நாற்பது நிமிடம் பிடிக்கும். அந்த நாற்பது நிமிடத்தைப் பொறுமையாக எடு. அலைபேசியில் பேசும் ஆலோசகரின் குரல், அழைப்பை எடுப்பவர் போலீஸா வேனா என்று முடிவெடுக்கும் கணம், திரும்பும் வழியில் அவர்கள் குடிக்கும் காபி. மனம் குலைந்து நிற்பவரின் முகத்தை மட்டும் எடுக்காதே; அந்த நிலையில் அவர் தரும் சம்மதம் சம்மதமாகாது.

இதைத் துதிப்பாடலாகவும் ஆக்கிவிடாதே. யூஜீன் வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் ஊர். அங்கே நடந்தது எங்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. அங்கேயே 2025 ஏப்ரலில் 'கஹூட்ஸ்' சேவை நின்றுபோனது. பணம்தான் காரணம். மினியாபொலிஸில் போலீஸ் துறையை மாற்றியமைக்கும் முன்மொழிவு 2021 நவம்பர் வாக்கெடுப்பில் தோற்றது. 2020இல் கேலப் கருத்துக்கணிப்பில், தங்கள் பகுதியில் போலீஸ் இப்போது இருக்கும் அளவுக்கோ அதிகமாகவோ இருக்க வேண்டும் என்று சொன்ன கறுப்பினத்தவர் 81 சதவீதம். அவர்களில் பலர் திருட்டுக்கும் பயப்படுகிறார்கள், போலீஸுக்கும் பயப்படுகிறார்கள். இரண்டு பயத்தையும் பேசவிடு. ஒன்றை வெட்டினால் நீயும் 'லைஃப்' செய்த வேலையையே செய்கிறாய்.

தொழில் விஷயம் ஒன்று. வண்ணப் பிலிம் காலத்தில் கோடாக் தன் சாயத் தரத்தை வெள்ளைத் தோல் பெண்ணின் படத்தை வைத்துச் சரிபார்த்தது. கருந்தோல் முகங்கள் பற்களும் கண்களுமாகவே விழுந்தன. இன்றைய கேமரா அதைவிட மேல், ஆனால் தானியங்கி அளவீட்டை நம்பாதே. முகத்தைப் பார்த்து ஒளி வை. கலர் கிரேடிங் செய்பவரிடம் இரவுக் காட்சி என்ற பெயரில் இருட்டைக் கூட்ட வேண்டாம் என்று எழுதிக்கொடு.

முதல் தொகுப்பு தயாரானதும் எனக்கு அனுப்பும் முன், வேனில் வேலை செய்பவர்களுக்கும் உன்னிடம் பேசிய குடும்பங்களுக்கும் போட்டுக் காட்டு. அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் காட்சி எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் எடுத்துவிடு. அதன் பிறகு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா