ஆடும் எண்ணை அடக்கும் வழி

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. பாலிடெக்னிக் புராஜெக்டுக்காக மண்பாண்டப் பட்டறையின் மின்சூளையில் வெப்பத்தை அளக்கத் தெர்மோகப்புள் மாட்டியிருக்கிறாய். கண்ட்ரோலரில் எண் ஒரு நிலையில் நிற்காமல் ஆடுகிறது. “ஃபில்டர் போட்டுவிடலாமா?” என்று கேட்கிறாய். போடலாம், ஆனால் அது கடைசி வேலை. எண்ணை ஆட்டும் மின் இரைச்சல் எந்த வழியாக நுழைகிறது என்று கண்டுபிடித்து அதை அடைப்பதுதான் முதல் வேலை.

நீ அளப்பது எவ்வளவு சிறியது என்று பார். கே வகைத் தெர்மோகப்புள் ஒரு டிகிரிக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட். 1,000 டிகிரியிலும் மொத்தம் 41 மில்லிவோல்ட்டுக்குச் சற்று மேல்தான். அதில் 1 மில்லிவோல்ட் இரைச்சல் கலந்தால் சுமார் 24 டிகிரி பிழை. பிரெஞ்சு வேதியியலாளர் லெ ஷாத்தலியே 1886இல் பிளாட்டினத்தையும் பிளாட்டினம்-ரோடியம் கலவையையும் இணைத்து உருவாக்கிய தெர்மோகப்புளின் வழிவந்தது இன்றைய எஸ் வகை. 1,000 டிகிரியில் அது தருவது 9.6 மில்லிவோல்ட் மட்டுமே. அங்கே அதே இரைச்சல் 80 டிகிரிக்கு மேல் ஏமாற்றிவிடும்.

மண்பாண்டக் கலைஞர்கள் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் இங்கே புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அதன் பிறகு நம் ஊரிலும் ஆரோவில்லிலும் ஸ்டோன்வேர் பட்டறைகள் பெருகின. அத்தகைய பட்டறைகளின் விறகுச் சூளையில் தெர்மோகப்புளுக்குப் பெரிய தொல்லை இல்லை, பக்கத்தில் மின்சாரமே கிடையாது. உன் மின்சூளையிலோ 230 வோல்ட் காயிலுக்குச் சில அங்குலம் தள்ளி மில்லிவோல்ட்டை அளக்கிறாய்.

எண் எப்போது ஆடுகிறது என்று கவனி. காண்டாக்டர் ‘டக்’கென்று விழும்போது மட்டும் துள்ளினால், அது சுவிட்ச் தரும் அதிர்ச்சி. காண்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே அந்த அதிர்ச்சியை உறிஞ்சும் ஸ்னப்பர் போடு, அல்லது ஜீரோ கிராஸிங் எஸ்.எஸ்.ஆருக்கு (சாலிட் ஸ்டேட் ரிலே) மாறு. ஹீட்டர் ஓடும் நேரமெல்லாம் நடுங்கினால், மின்சப்ளையின் 50 ஹெர்ட்ஸ் அலை தெர்மோகப்புள் கம்பியில் தூண்டப்படுகிறது. சூளை நன்றாகச் சூடேறிய பிறகே ஆட்டம் தொடங்கினால், கசிவைச் சந்தேகப்படு. குளிர்ந்திருக்கும்போது மின்சாரத்தைத் தடுக்கும் செங்கல்லும் பீங்கான் குழாயும் கடும் வெப்பத்தில் கொஞ்சம் கடத்தத் தொடங்கும். காயிலின் மின்சாரம் அந்த வழியாகத் தெர்மோகப்புளுக்கே வந்துவிடும். இது ஆளுக்கும் ஆபத்து. ஆகவே மெயினை அணைக்காமல் தெர்மோகப்புள் கம்பியைத் தொடாதே. முனையைக் காயிலிலிருந்து விலக்கி வை. உள்முனை உறையைத் தொடாத வகையை வாங்கி, உலோக உறையை எர்த் செய். ஐசொலேட்டட் இன்புட் உள்ள கண்ட்ரோலராக இருந்தால் இன்னும் நல்லது.

ஓர் எளிய சோதனை: சூடான சூளையில் ஹீட்டர் சப்ளையை மட்டும் அணை. எண் உடனே அடங்கினால் குற்றவாளி ஹீட்டர் சர்க்யூட். அடங்காவிட்டால், ஹீட்டர் சப்ளையை அணைத்தபடியே வைத்து, தெர்மோகப்புளைக் கழற்றிவிட்டு, கண்ட்ரோலரின் இரண்டு டெர்மினலையும் சிறு செம்புக் கம்பியால் இணை. அறை வெப்பநிலையை ஒட்டி எண் அசையாமல் நின்றால் கண்ட்ரோலர் நல்லது, கோளாறு வெளியே.

அடுத்து கேபிள். இரண்டு கம்பிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் காந்தப்புலம் நுழைகிறது. முறுக்கிய ஜோடியில் ஒரு முறுக்கில் தூண்டப்படுவதை அடுத்த முறுக்கு எதிர்த்துக் கழித்துவிடும். பவர் கேபிளோடு சேர்த்துக் கட்டாதே. குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்கோணத்தில் கடந்து போ. ஷீல்டை ஒரே முனையில் மட்டும் எர்த் செய். இரு முனையிலும் செய்தால் இரண்டு எர்த்துக்கும் இடையே உள்ள வோல்டேஜ் வித்தியாசம் ஷீல்டிலேயே மின்சாரத்தை ஓடவிடும். செம்பு வயரால் நீட்டாதே, அந்த வகைக்கு உரிய எக்ஸ்டென்ஷன் கேபிளையே வாங்கு. நம்முடையது கடற்கரை ஊர். உப்புக் காற்றில் டெர்மினலில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்றும் பார்த்துச் சுத்தம் செய்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஃபில்டர். நம் மின்சாரத்தின் ஒரு சுற்று 20 மில்லிவினாடி. அந்த நேரம் முழுக்கச் சேர்த்து அளக்கும் கருவியில் 50 ஹெர்ட்ஸின் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். வெளிநாட்டுக் கருவியாக இருந்தால் 60 ஹெர்ட்ஸ் அமைப்பில் இருக்கலாம், மெனுவில் 50க்கு மாற்று. சூளை மணிக்கணக்கில் சூடேறுவதால் சில வினாடி சராசரி எடுப்பதில் நஷ்டமில்லை.

ஆனால் ஒன்றை மறக்காதே: எண் நிலையாக நிற்பது வேறு, சரியாக இருப்பது வேறு. ரேடியோ அலை போன்ற இரைச்சல் கண்ட்ரோலருக்குள் நிலையான பிழையாக மாறிவிடும். சராசரி அதை அழிக்காது, அழகாக மறைத்துவிடும். அதனால் குறிப்பிட்ட வெப்பத்தில் இளகிச் சாயும், குயவர்கள் நம்பும் பைரோமெட்ரிக் கோனையும் சூளைக்குள் வைத்து, அது சாயும்போது உன் எண்ணை ஒப்பிட்டுப் பார். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்து, முன்னும் பின்னும் ஆட்டம் எத்தனை டிகிரி என்று நோட்டில் எழுது. அந்தப் பட்டியல் இல்லாமல் புராஜெக்டை ஒப்படைக்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்