ஆறு முழமும் ஒரு சாணும்

கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டவுடனே, திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களின் திருச்சபைச் சேகரங்களில் விடுமுறை வேதாகமப் பள்ளி தொடங்கிவிடும். பாட்டும், வேத பாடமும், மனப்பாட வசனமும், கைவேலையுமாகப் பிள்ளைகளின் காலைப்பொழுது அந்நாட்களில் ஆலயத்திலேயே கழியும். மேடை அலங்காரத்தின் பொறுப்பு எங்கள் சேகரத்தில் பல வருஷங்களாக என்னிடமே இருந்து வருவதால், நோவாவின் பேழை, யோனாவை விழுங்கிய மீன், தானியேலோடு கெபியில் இருந்த சிங்கங்கள் முதலிய பெரிய உருவங்களை மூங்கிலாலும் காகிதத்தாலும் பனையோலையாலும் செய்து பழகியிருக்கிறேன். அவற்றுள் பெலிஸ்தியனாகிய கோலியாத்தின் உருவமே எனக்கு அதிகம் கற்பித்தது. ஆகையால், இவ்வேலையில் புதிதாக இறங்கும் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களுக்கு உபயோகப்படும் என்ற நம்பிக்கையோடு, அதைப் பற்றியே சற்று விஸ்தாரமாக எழுதுகிறேன்.

முதலாவது, அளவு. வேதத்தில் அளவு சொல்லப்பட்டிருக்கும் பொருளை நம் சௌகரியத்துக்கேற்பக் குறுக்கவோ நீட்டவோ கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம். சாமுவேலின் முதலாம் புஸ்தகம் 17-ம் அதிகாரத்தில் கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு சாணும் என்றிருக்கிறது; முழத்துக்கு ஏறக்குறைய 18 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், அது ஒன்பதே முக்கால் அடியாகும். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும், கும்ரான் குகைகளில் அகப்பட்ட சுருள் ஒன்றிலும் நாலு முழமும் ஒரு சாணும் என்றிருப்பதை, அதாவது ஆறேமுக்கால் அடி என்பதை, வேத பண்டிதர்கள் எடுத்துக்காட்டுவதுண்டு. ஆயினும், பிள்ளைகள் கையில் இருக்கும் தமிழ் வேதாகமம் எதைச் சொல்லுகிறதோ அதையே மேடையில் நிற்கும் உருவமும் சொல்ல வேண்டும் என்பதால், நாங்கள் ஆறு முழத்தையே கைக்கொண்டோம்.

அந்த அளவைப் பிள்ளைகளே எடுக்கும்படி விட்டதுதான் நாங்கள் செய்த காரியங்களில் மிக நல்லது. ஆலயத்துத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு கிழித்து, முழம் போட்டுப் பாருங்கள் என்றவுடன், சின்ன வகுப்புச் சிறுமியின் ஆறு முழம் ஆறடிக்குச் சற்று மேலே நின்றுவிட, பெரிய வகுப்புப் பையனின் ஆறு முழம் அதைக் கடந்து போயிற்று. "அண்ணாச்சி, யார் கை மொழம்தான் சரி?" என்று கேட்டான் ஒருவன். வளர்ந்த மனுஷனின் முழங்கை தொடங்கி நடுவிரல் நுனி வரைக்கும் உள்ள நீளமே முழம் என்று சொல்லி, வாலிபத்தில் பனையேறியவரும் ஆலய ஊழியருமாகிய எங்கள் கோயில்பிள்ளையை அழைத்து அளக்கச் சொன்னோம். அவர் மண்டியிட்டு ஆறு முழமும் ஒரு சாணும் போட்டு முடித்த பின், அந்தக் கோட்டின் மேல் பிள்ளைகள் தலைக்குக் கால் வைத்து ஒருவர்பின் ஒருவராகப் படுத்துப் பார்த்தார்கள்; தாவீது எவனுக்கு எதிரே போய் நின்றான் என்பது அப்போதே அவர்களுக்கு விளங்கிவிட்டது.

எலும்புக்கூட்டுக்கு மூங்கிலே உத்தமம். மூங்கிலைப் பிளாச்சாகப் பிளந்து, ஆணி அடிக்காமல் சணலால் இறுகக் கட்ட வேண்டும். ஆணி அடித்த இடத்தில் பிளாச்சு நெடுக வெடித்துவிடும். ஆலயத்தின் வாசல் உயரத்தையும் மேடைக்கு மேலே தொங்கும் மின்விசிறியின் இடத்தையும் முன்னதாகவே பார்த்துக்கொண்டு, உருவத்தை இடுப்பில் இரண்டாகப் பிரிக்கும்படி அமைத்தால், கச்சையின் கீழே அந்த மூட்டு மறைந்துவிடும். கால்களை அகட்டி, அகலமான பலகையின் மேல் நிறுத்தி, பலகையின் இருபுறமும் மணல் மூட்டை வைத்துவிட்டால், பிற்பகலில் ஜன்னல் வழியே வரும் தேரிக்காற்றுக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

காகிதம் ஒட்டும் வேலையே பிள்ளைகளின் வேலை. பசைக்கு மைதா மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு கொதிக்கும் நீரில் ஊற்றிக் கிண்டி, பளபளப்பேறியவுடன் இறக்க வேண்டும். பூச்சி வராதிருக்கும் பொருட்டு புஸ்தகம் கட்டுகிறவர்கள் இதில் துத்தம் சேர்ப்பார்கள். துத்தம் விஷமாகையால், குழந்தைகள் கைவைக்கும் பசையில் அது சேரவே கூடாது. அன்றன்றைக்குக் காய்ச்சி அன்றன்றைக்கே தீர்த்துவிடுவதுதான் நல்ல உபாயம். காகிதத்தைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழிக்கச் சொல்லுங்கள். கிழித்த ஓரம் மெலிந்திருப்பதால் அடுத்த துண்டின் மேல் வரம்பு தெரியாமல் படிந்துகொள்ளும். ஒரு படலம் செய்தித்தாளும் மறுபடலம் வெள்ளைத்தாளுமாக மாற்றி ஒட்டினால், எங்கே ஒட்டியாயிற்று, எங்கே விட்டுப்போயிற்று என்பது சிறு பிள்ளைக்கும் தானே தெரியும். ஒவ்வொரு படலமும் நன்றாகக் காய்ந்த பின்னரே அடுத்ததை ஒட்ட வேண்டும். நம் ஊர்க் கோடை வெயில் இதற்குப் பெரிய துணை.

தெர்மோகோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது லகுவாகச் செதுக்க வருவது மெய்யே. ஆனால் ஸ்பிரே பெயிண்ட் பட்டால் கரைந்து குழி விழும், சிதறிய துகள்களை ஆலயத்திலிருந்து பெருக்கித் தீராது. நான் அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டேன்.

கோலியாத்தின் கவசத்தைக் குறித்து அதிகம் சொல்ல வேண்டும். அது செதிள் செதிளாக அமைந்த வெண்கலக் கவசம், அதன் நிறை 5,000 சேக்கல் என்று வேதம் கூறுகிறது. இக்கால நிறையில் ஏறத்தாழ 57 கிலோ. இந்தச் செதிள்களுக்காகத் தங்கநிறக் காகிதம் வாங்கலாம் என்று சிலர் சொல்லியும், எங்களைச் சுற்றிலும் நின்ற பனைகளையே நாடினோம். முற்றிய சாரோலையை இராமுழுதும் தண்ணீரில் ஊறவைத்து, ஈர்க்கு நீக்கி, மீன் செதிளைப் போல் கீழ்ப்பக்கம் வளைவாக நறுக்கி, கோணித்துணியின் மேல் கீழ்வரிசையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரிசையும் தனக்குக் கீழுள்ள வரிசையின் தலைப்பை மூடும்படி பனைநாரால் தைத்தோம். பெட்டி முடைந்து பழகிய பாட்டிமார் சிலர் திண்ணையில் உட்கார்ந்து, ஊசி கோக்கத் தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஓலை காய்ந்து வெளுத்த பின், காவியை மெல்லப் பூசி அதன் மேல் வார்னிஷ் ஒரு கை தடவியவுடன், மாலை வெயிலில் அது வெண்கலமென்றே தோன்றிற்று. ஆளின் கை பட்டால் சலசலவென்று ஓசையும் எழுந்தது. ஈட்டியின் தாங்கு நெசவாளரின் படைமரத்துக்கு ஒப்பிடப்பட்டிருப்பதால், அதற்குப் பிளாச்சு போதாது, முழு மூங்கிலே வேண்டும். ஈட்டியின் இரும்பு அலகு 600 சேக்கல், அதாவது சுமார் ஏழு கிலோ. அந்த நிறைக்கு மணலை ஒரு பையில் கட்டிவைத்து, பிள்ளைகள் ஒவ்வொருவரையும் தூக்கிப் பார்க்கச் செய்தோம்.

முகத்தைக் கடைசியிலேயே வைக்க வேண்டும். பிள்ளைகள் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிறவர்களாகையால், தலையைச் சற்றுப் பெரிதாகவும் முன்னோக்கிச் சாய்ந்ததாகவும் செய்து, கண்களின் பார்வையைக் கீழ்நோக்கி எழுதினாலன்றி, அவன் தங்களைப் பார்க்கிறான் என்ற உணர்ச்சி அவர்களுக்கு உண்டாகாது. மூன்று, நாலு வயதுக் குழந்தைகளோ திடீரென்று அப்படிப்பட்ட முகத்தைக் கண்டால் வீரிட்டு அழுவார்கள். இதற்கு நான் கண்ட ஒரே பரிகாரம், உருவத்தை இரகசியமாகச் செய்து திரை விலக்கிக் காட்டாமல், ஆரம்பமுதல் அவர்கள் கண்முன்னேயே செய்வது. அவனுடைய கால் கட்டைவிரலில் தான் ஒட்டிய காகிதம் இருக்கிறதென்று அறிந்த குழந்தை அவனைக் கண்டு அஞ்சுவதில்லை.

கடைசி நாளில் கோலியாத்து விழ வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். அது நியாயமான ஆசையே. அவன் முகங்குப்புற விழுந்தான் என்று வேதத்தில் இருப்பதால், முன்பக்கமாகவே விழச் செய்ய வேண்டும். கணுக்காலில் கதவுக் கீல் வைத்து, முதுகிலிருந்து ஒரு கயிற்றைப் பின் ஜன்னல் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி, பெரியவர் ஒருவர் மெல்ல மெல்ல விடும்படி ஏற்பாடு செய்தோம். மார்புக் கவசத்தின் உள்ளே வைக்கோல் திணித்த சாக்கு ஒன்று புடைத்து நின்றால், முகம் தரையில் மோதி நொறுங்காது. தாவீதாக வரும் பையனின் கவணில் கல்லுக்குப் பதிலாகத் துணிப்பந்து. மேடைக்கு முன்னே பன்னிரண்டடி தூரத்துக்குப் பாய் விரித்து, அந்தப் பாயின் மேல் ஒரு குழந்தையும் உட்காராதபடி ஆசிரியர் ஒருவர் காவல் நிற்பது கட்டாயம்.

எல்லாம் முடிந்த பிறகு உருவத்தை மூலையில் சாய்த்து வைப்பது வீண். மைதாவைத் தேடி எலியும், காகிதத்தைத் தேடிக் கறையானும் வந்துவிடும். மூங்கிலைப் பிரித்து அடுத்த வருஷத்துக்குக் கட்டிவைத்துவிட்டு, ஓலைக் கவசத்தை மாத்திரம் ஓய்வுநாள் பாடசாலை அறையின் சுவரில் மாட்டினோம்.

இப்பொழுது ஃப்ளெக்ஸ் கடையில் சொல்லிவிட்டால், எவ்வளவு பெரிய படமானாலும் மறுநாளே அச்சடித்துத் தந்துவிடுகிறார்கள்; ஆசிரியர்களுக்கு நேரமில்லை என்பதையும் நான் அறிவேன். ஆனாலும், அப்படத்தில் பிள்ளைகள் செய்வதற்கு ஒன்றுமில்லை. வருகிற விடுமுறைப் பள்ளிக்கு மேடையிலுள்ள மற்ற யாவும் அச்சுப் படமாகவே இருந்துபோகட்டும். ஒரே ஓர் உருவத்தையாவது பிள்ளைகள் கையில் விடுங்கள், அதற்கான மூங்கிலுக்குப் பங்குனி மாதத்திலேயே சொல்லிவையுங்கள்.