கணிப்பொறி விளையாட்டுக்குச் சிக்கன வழி

செஞ்சியிலிருந்து சென்னை ரிச்சி தெருவுக்குக் கணிப்பொறிப் பாகங்கள் வாங்கப் புறப்படும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது பிராசஸரைப் பற்றியே. திரையை முதலில் முடிவு செய்க என்பேன் நான்.

1920×1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 4கே திரையிலோ 83 லட்சம். இவற்றை நொடிக்கு 60 முறை வரைய வேண்டியது கிராபிக்ஸ் கார்டு. முதல் வகைத் திரைக்கு நான்கில் ஒரு பங்கு புள்ளிகளே. எனவே நடுத்தரக் கார்டே ஈடுகொடுக்கும். பணத்தின் பெரும்பங்கை அக்கார்டுக்கே ஒதுக்குக. பிராசஸர் அதற்கு அடுத்தது. ரேமும் எஸ்.எஸ்.டி.யும் பின்னர்க் கூட்டிக்கொள்ளலாம்.

பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்கலாகாது. மட்டமானது பழுதானால் மற்றப் பாகங்களையும் கெடுத்துவிடக்கூடும். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் இணைக்கும் மதில் ஓரிடத்தில் நலிந்தால் கோட்டை முழுவதற்கும் ஆபத்தன்றோ?