பாதை பிசகாமல் இருக்க 25 கைவசக் குறிப்புகள்

கிட் மாதிரி ஒரு வெர்ஷன் கண்ட்ரோல் கருவியைச் சி மொழியில் நாமே எழுதிப் பார்க்கலாமே என்று உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்குத்தான் இந்தக் குறிப்புகள். ஹேஷ் போடுவது, கமிட் எழுதுவது எல்லாம் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். தூக்கத்தைக் கெடுப்பது கோப்புப் பாதைதான்! சந்தையிலிருந்து வந்த கீரையை வாசலிலேயே அலசி எடுப்பதுபோல, பாதையையும் நுழையும் இடத்திலேயே சுத்தம் செய்துவிட்டால் பாதி வேலை மிச்சம். மாலாக், பாயின்டர் எல்லாம் உங்களுக்கு அத்துப்படி என்பதால் நேராக விஷயத்துக்கு வருவோம்.

1. பயனர் "./சோர்ஸ்//../லிப்/" என்று எப்படித் தட்டினாலும், அதை உள்ளே விடும்போதே "லிப்" என்று சுருக்கிவிடுங்கள். ரெப்போவின் ரூட்டிலிருந்து தொடங்க வேண்டும். முன்னாலோ பின்னாலோ "/" கூடாது. நடுவில் "//" கூடாது. இந்த ஒரே வடிவம்தான் உள்ளே நடமாடும் என்று வைத்துக்கொண்டால், மற்ற ஃபங்ஷன்களில் மறுபடி மறுபடி சரிபார்க்கும் வேலையே இல்லை.

2. சுருக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். "சோர்ஸ்" என்பது வேறெங்கோ காட்டும் சிம்லிங்க்காக இருந்தால், எழுத்தளவில் சுருக்கிய விடையும் டிஸ்க்கில் போய்ச் சேரும் இடமும் வேறு வேறாகிவிடும். ரெப்போவுக்குள் இருக்கும் பெயர்களுக்கு எழுத்தளவில் சுருக்கினால் போதும். ரெப்போ எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க மட்டும் ரியல்பாத்தைக் கூப்பிடுங்கள்.

3. அந்த ரியல்பாத்துக்கு இரண்டாவது ஆர்க்யுமென்ட்டாக நல் பாயின்டர் கொடுத்தால், தேவையான இடத்தை அதுவே ஒதுக்கித் தந்துவிடும். பஃபர் அளவு பற்றிக் கவலைப்பட வேண்டாம். வேலை முடிந்ததும் ஃப்ரீ செய்வது மட்டும் நம் பொறுப்பு.

4. விண்டோஸிலும் சரி, லினக்ஸிலும் சரி, இண்டெக்ஸில் "/" மட்டுமே எழுதுங்கள். "\" வந்தால் நுழையும்போதே மாற்றிவிடுங்கள். ஆனால் இந்த மாற்றம் விண்டோஸ் பில்டில் மட்டும் இருக்கட்டும். லினக்ஸில் "\" என்பது கோப்புப் பெயரில் தாராளமாக வரக்கூடிய எழுத்து. அங்கே மாற்றினால் நல்ல கோப்பே காணாமல் போய்விடும்.

5. வளர்ந்துகொண்டே போகும் ஒரு சரத்தை முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள். பாயின்டர், இப்போதைய நீளம், ஒதுக்கிய அளவு என்று மூன்றே உறுப்புகள் போதும். கிட்டின் ஸ்டர்பஃப் அப்படித்தான் இருக்கிறது. இடம் போதாதபோது பழைய அளவோடு 16 சேர்த்து ஒன்றரை மடங்காக்குவது கிட்டின் கணக்கு. அதனால் ரீஅலாக் அழைப்புகள் வெகுவாகக் குறையும்.

6. லினக்ஸில் பாத்_மேக்ஸ் 4096, விண்டோஸின் மேக்ஸ்_பாத் 260 என்று நம்பி அந்த அளவுக்கு ஒரு அர்ரே போட்டுவிடாதீர்கள். அது ஒரு சிஸ்டம் கால் ஒரே மூச்சில் ஏற்கும் நீளம்தானே தவிர, டிஸ்க்கில் இருக்கும் பாதையின் உச்சவரம்பு இல்லை. ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போனால் அதைவிட நீளமான பாதையையும் உருவாக்கிவிடலாம்.

7. ஸ்டர்காப்பி, ஸ்டர்கேட், எஸ்பிரிண்ட்எஃப், ஸ்டர்என்காப்பி நான்கையும் ஒரு ஹெடர் ஃபைலில் மேக்ரோவாகத் திருத்தி எழுதி, யாராவது பயன்படுத்தினால் கம்பைலே ஆகாதபடி செய்துவிடுங்கள். கிட் 2018-இல் இப்படி ஒரு தடைப்பட்டியலைச் சேர்த்துக்கொண்டது. கோடு பார்ப்பவருக்கு ஒவ்வொரு தடவையும் இதையே எடுத்துச் சொல்லும் நேரம் மிச்சம்!

8. எஸ்என்பிரிண்ட்எஃப் பாதுகாப்பானதுதான், ஆனால் அது திருப்பித் தரும் எண்ணைப் பார்த்தால்தான். அந்த எண் பஃபர் அளவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் பாதை வெட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். வெட்டுப்பட்ட பாதை வேறொரு கோப்பின் பெயராக அமைந்துவிட்டால், அழிக்கக் கூடாததை அழித்துவிடுவோம். அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவது மேல்.

9. ரீட்லிங்க் தன் விடையின் முடிவில் நல் பைட் வைக்காது. நீளத்தைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். அதை வைத்து நாமே முடித்துக்கொள்ள வேண்டும். வந்த நீளம் பஃபர் அளவுக்குச் சரியாக இருந்தால் மீதி வெட்டுப்பட்டிருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, பஃபரை இரட்டிப்பாக்கி இன்னொரு முறை கேளுங்கள்.

10. ஃபோல்டர்களைச் சுற்றிவரும்போது ஒவ்வொரு கோப்புக்கும் புதிதாகப் பாதையைக் கட்டாதீர்கள். ஒரே பஃபரை வைத்துக்கொண்டு, உள்ளே நுழையும்போது அதன் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரை ஒட்டுங்கள், வேலையை முடியுங்கள், குறித்த நீளத்துக்கே வெட்டிவிடுங்கள். லட்சம் கோப்புகள் இருந்தாலும் ஒரே பஃபரில் சுற்றி முடித்துவிடலாம்.

11. சுற்றும்போது ரீட்டிர் தரும் டி_டைப் உறுப்பே இது கோப்பா, ஃபோல்டரா என்று சொல்லிவிடும். ஒவ்வொன்றுக்கும் எல்ஸ்டாட் போடும் செலவு மிச்சம். சில ஃபைல் சிஸ்டம்களில் மட்டும் "தெரியாது" என்று பதில் வரும். அப்போது மட்டும் எல்ஸ்டாட்டைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

12. இண்டெக்ஸ் என்ட்ரிக்கு ஒரு மாலாக், அதன் பெயருக்கு இன்னொரு மாலாக் எதற்கு? ஸ்ட்ரக்சரின் கடைசி உறுப்பாக அளவில்லாத கேரக்டர் அர்ரே ஒன்றை வைத்து, பெயரின் நீளத்தையும் சேர்த்து ஒரே தடவையில் ஒதுக்கிவிடுங்கள். இது சி99-இலிருந்தே அனுமதிக்கப்பட்ட வழிதான். மெமரி மிச்சம், ஒரே ஃப்ரீயில் இரண்டும் காலி.

13. ஃபங்ஷனுக்குள் ஸ்டாடிக் பஃபர் வைத்து அதன் பாயின்டரைத் திருப்பித் தருவது அப்போதைக்குச் சுலபமாகத்தான் இருக்கும். கிட்டில்கூட நான்கு பஃபர்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வழக்கம் இருந்தது. ஐந்தாவது அழைப்பில் முதல் பாதையின் மேல் புதுப் பாதை எழுதப்பட்டுவிடும். பஃபரை அழைப்பவரே கொடுக்கட்டும். யார் ஃப்ரீ செய்வது என்ற குழப்பமும் தீரும்.

14. டிர்நேம், பேஸ்நேம் இரண்டும் நீங்கள் கொடுத்த சரத்தையே வெட்டிவிடக்கூடும். உள்ளே இருப்பது ஏற்கெனவே சுத்தமான பாதை என்பதால், கடைசி "/" எங்கே என்று ஸ்டர்ஆர்சிஹெச்ஆர் வைத்துத் தேடினாலே கோப்புப் பெயர் கிடைத்துவிடும். நகல் எடுக்கவும் வேண்டாம், ஃப்ரீ செய்யவும் வேண்டாம்.

15. ஒரு கோப்பு "லிப்" ஃபோல்டருக்குள் இருக்கிறதா என்று பார்க்க, முதல் சில எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டால் "லிப்2/ஏ.சி" என்பதும் சேர்ந்து வந்துவிடும். பொருந்திய பகுதிக்கு அடுத்த எழுத்து "/" ஆகவோ சரத்தின் முடிவாகவோ இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த ஒரு வரியை ஃபங்ஷனாக எழுதி எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள்.

16. வரிசைப்படுத்த மெம்கம்ப் போதும். கம்ப்யூட்டரின் மொழி அமைப்பைப் பார்த்து வரிசையை மாற்றும் ஸ்டர்கோல் பக்கமே போகாதீர்கள். கிட்டின் ட்ரீயில் ஃபோல்டர் பெயரின் முடிவில் "/" இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் வரிசை போடுவார்கள். ஆஸ்கியில் "-" 45, "." 46, "/" 47 என்பதால் "லிப்-பழசு", "லிப்.சி", பிறகுதான் "லிப்" ஃபோல்டர் வரும். வரிசை தப்பினால் ஹேஷும் தப்பிவிடும்.

17. டோலோயர், இஸ்ஆல்ஃபா போன்றவற்றுக்குப் பாதையின் எழுத்தைக் கொடுக்கும் முன் அன்சைன்ட் கேரக்டராக மாற்றிக் கொடுங்கள். தமிழ்ப் பெயரின் ஒவ்வொரு பைட்டும் 127-க்கு மேல்தான்; பல கம்பைலர்களில் அது எதிர்ம எண்ணாக மாறி, அட்டவணைக்கு வெளியே போய் எட்டிப் பார்க்கும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் இது கண்ணிலேயே படாது.

18. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு வழக்கமான வரம்பு 255 பைட். யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். ஆக 85 குறியீடுகளோடு இடம் தீர்ந்தது. "கொ" என்ற ஒரே எழுத்துக்கே இரண்டு குறியீடு போய்விடும். நீளத்தை எப்போதும் பைட்டில் எண்ணுங்கள், எழுத்தில் எண்ணாதீர்கள்.

19. அதே "கொ"வின் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம்: முதலாவதில் "கொ" 6 பைட், இரண்டாவதில் 9 பைட். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ்+ பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும்; லினக்ஸில் சேர்த்து எழுதி கமிட் செய்த கோப்பு அங்கே புதுக் கோப்பாகத் தெரியும். டைரக்டரியைப் படிக்கும்போதே சேர்த்து வைத்துவிடுங்கள், கிட்டின் கோர்.ப்ரீகம்போஸ்யூனிகோட் செய்வதும் அதுதான்.

20. கிட்டில் தமிழ்ப் பெயர் "\340\256\225" என்று எண்களாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், அது "க"வின் மூன்று பைட்டும் ஆக்டலில். கோர்.கோட்பாத்தை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழாகவே தெரியும். உங்கள் கருவியிலும் இந்த வசதியை வைத்துவிடுங்கள், நம்மூர்க்காரர்கள் வாழ்த்துவார்கள்!

21. யூனிக்ஸில் கோப்புப் பெயருக்குள் வரக் கூடாதவை "/", நல் பைட் இரண்டு மட்டுமே. புதுவரி எழுத்துகூட வரலாம். அதனால் வேறு ஸ்கிரிப்ட்டுகள் படிக்கும் பட்டியலில் ஒவ்வொரு பெயரையும் நல் பைட்டால் முடிக்க ஒரு "-இசட்" விருப்பம் கொடுங்கள். மேற்கோள் போடுவது, பிரிப்பது என்ற இரட்டை வேலை இரண்டு பக்கமும் மிச்சம்.

22. செக்அவுட் செய்யும்போது வெளியிலிருந்து வந்த ரெப்போவை நம்பவே நம்பாதீர்கள். பாதையின் ஒவ்வொரு துண்டையும் பார்த்து ".", "..", ".கிட்" வந்தால் தள்ளிவிடுங்கள், அதைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாலும் தள்ளுங்கள். ஹெச்எஃப்எஸ்+ கண்ணுக்குத் தெரியாத சில யூனிகோட் குறிகளைக் கண்டுகொள்ளாது, என்டிஎஃப்எஸ்ஸில் "கிட்~1" என்ற குறும்பெயரும் ".கிட்" ஃபோல்டருக்கே போகும். 2014 டிசம்பரில் கிட் 2.2.1 அவசரமாக வெளிவந்ததே இந்த ஓட்டைகளை அடைக்கத்தான்.

23. "கான்", "ஆக்ஸ்", "நல்" போன்றவை விண்டோஸில் கருவிகளுக்கென்று ஒதுக்கிய பெயர்கள், பின்னால் ".சி" சேர்த்தாலும் சிக்கல்தான். பெயரின் முடிவில் வரும் புள்ளியையும் இடைவெளியையும் விண்டோஸ் சத்தமில்லாமல் நீக்கிவிடும். லினக்ஸ் கெர்னலில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் மட்டுமே உள்ள இரட்டைப் பெயர்களும் உண்டு. விண்டோஸில் அவை ஒன்றின் மேல் ஒன்று விழும் முன் எச்சரிக்கை கொடுக்க மறக்காதீர்கள்.

24. கோப்பைப் பார்க்க ஸ்டாட் வேண்டாம், எல்ஸ்டாட் போடுங்கள். சிம்லிங்க்கையும் கமிட் செய்ய வேண்டுமே! பாதையின் நடுத்துண்டு சிம்லிங்க்காக இருந்தால் எழுதுவது ரெப்போவுக்கு வெளியே போய்விடும், அதனால் ஒவ்வொரு மேல் ஃபோல்டரையும் பாருங்கள். பார்த்த விடையை நினைவில் வைத்தால் வேகம் கூடும், ஆனால் ஃபோல்டரை நீக்கியதும் நினைவையும் அழித்துவிடுங்கள். 2021 மார்ச்சில் கிட் 2.30.2 சரிசெய்த ஓட்டையில் இந்தப் பழைய நினைவுக்கும் பங்கு உண்டு.

25. புதுக் கோப்பு எழுதும் முன் ஃபோல்டர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். நேராகத் திறந்து பாருங்கள், ஈநோஎன்ட் வந்தால் மட்டும் ஃபோல்டரைச் செய்து மறுபடி முயலுங்கள். தற்காலிகக் கோப்பை அதே ஃபோல்டரில் எழுதி ரீநேம் செய்தால், நடுவில் கரண்ட் போனாலும் அரைகுறைக் கோப்பு பழையதன் இடத்தில் உட்காரும் ஆபத்து குறையும். கடைசியாக, புதுவரி, இடைவெளி, முன்னால் "-", தமிழ்ப் பெயர், 255 பைட் பெயர் எல்லாம் நிறைந்த ஒரு சோதனை ஃபோல்டரைச் செய்துவைத்து, அட்ரஸ் சானிடைசரைப் போட்டு ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் ஓட்டிவிடுங்கள். பயனர் கண்டுபிடித்துச் சொல்ல அதிகம் மிச்சம் இருக்காது.